சாம்பல் டப்பாவும் சார் கையெழுத்தும்

ஏண்டா பேராண்டி, ஆராய்ச்சி பண்றியாமே? ஒங்கம்மா தெரு பூரா சொல்லிக்கினு போறா. காலேஜி மூணாவது வருசம்தான், அதுக்குள்ள பல்கலைக்கழகத்துப் புரொபசரு கூட சேந்து ஆராய்ச்சி, சீக்கிரம் பேப்பரு வரப்போவுது, அப்பறம் பையன் சயின்டிஸ்ட்டுதான்னு. சந்தோசம்டா. எங்க காலத்துல சொரங்கத்துல எறங்கி கரி எடுத்தோம். ஒங்க காலத்துல கரியைப் பத்தி எழுதறீங்க. எழுதுங்க. கையும் சுத்தமா இருக்கும்.

அந்த ஃபைலைக் குடு பாப்போம். அடேயப்பா, என்னா கனம்! அட்டையில தங்க எழுத்து வேற. தலைப்பே நாலு வரி ஓடுது. "நெய்வேலி அனல்மின் நிலையப் பறக்கும் சாம்பலைக் கொண்டு சாயக் கழிவுநீரில் நிறம் நீக்கும் புதுமையான, பசுமையான, நீடித்த, செலவு குறைந்த அணுகுமுறை." மூச்சு வாங்குதுடா. இத்தனை நல்ல கொணத்தை ஒரே மூச்சுல சொன்னா, பொண்ணு பாக்க வந்தவங்களே எழுந்து பூடுவாங்க.

உள்ள என்னா? நன்றியுரை மூணு பக்கம். எல்லாம் வல்ல எறைவனுக்கு நன்றி. தாளாளருக்கு நன்றி. செயலாளருக்கு, முதல்வருக்கு, துறைத் தலைவருக்கு, வழிகாட்டிக்கு, கூடப் படிக்கிற பசங்களுக்கு, டைப்பு அடிச்சவனுக்கு. எல்லாரும் இருக்காங்க. சாம்பல் குடுத்த தெர்மலுக்கு ஒரு வரி காணோமே? சாமிக்கே நன்றி சொன்னவன், சாம்பல மறந்துட்டியே.

சரி, அந்தச் சாம்பல எங்கேர்ந்து எடுத்த?

"சார் லேபுல டப்பாவுல வெச்சிருந்தாரு தாத்தா."

டப்பாவுல எந்தத் தெர்மலு சாம்பல்? 1962-ல ரஷ்யாக்காரன் ஒத்தாசையில ஓட ஆரமிச்ச மொதத் தெர்மல 2020-ல நிறுத்திட்டாங்க. டப்பா அதுக்கு முந்தியா, பிந்தியா? சரி, எந்தத் தெர்மலா வேணா இருக்கட்டும். எந்த எடத்துச் சாம்பல்? பாய்லருக்கு அடியில விழறதா, பொகையோட பறக்கறதைப் புடிச்சதா? பறக்கறதைப் புடிக்கத்தான் கரண்டு ஏத்தின தகடு வரிசை வரிசையா நிக்குது. மொத வரிசையில பெருந்தூசி விழும். கடைசி வரிசைக்குப் போவப் போவ நைசா விழும். ஒரே புகைக்கூண்டு, ஒரே நாளு, ஆனா வரிசைக்கு வரிசை சாம்பல் வேற. தெர்மல்ல வேல பாத்த எந்த ஆளைக் கேட்டாலும் டீ குடிக்கிற நேரத்துல சொல்லிடுவான். ஒன் ஃபைல்ல எண்பது பக்கம் இருக்கு, இது இல்ல.

நெய்வேலி ஆர்ச் கேட்டுலேர்ந்து தெர்மல் எவ்ளோ தூரம்? நீ பொறந்து வளந்தது டவுன்ஷிப்புல. சாம்பல் ஒங்க வூட்டு மொட்டமாடிக்கே வந்து விழுது. ஆனா ஒன் ஆராய்ச்சிக்குச் சாம்பல் டப்பாவுலேர்ந்து வருது!

கோச்சிக்காத. இன்னொண்ணு கேக்கறேன். என்னா சாயம் போட்ட?

"மாலக்கைட் கிரீன் தாத்தா. பச்சைச் சாயம். சாம்பல் போட்டு கலக்கி வுட்டேன். கிட்டத்தட்ட நெறமே இல்லாம போச்சி! சார் கைதட்டினாரு."

கை தட்டறது இருக்கட்டும். நெய்வேலிச் சாம்பல்ல சுண்ணாம்பு ஜாஸ்திடா. வடக்கேர்ந்து வர்ற கல்லுக்கரிச் சாம்பல்ல அவ்ளோ கெடையாது. நம்மூரு சாம்பல்ல தண்ணிய ஊத்தி வெச்சா அதுவே இறுகும். இப்ப யோசி. ஒங்கத்தை கல்யாணத்துல ஒங்க ஆயா ஆரத்தி கரைச்சாளே, பாத்தியா? மஞ்சத்தண்ணியில துளி சுண்ணாம்பு போட்டா செவசெவன்னு ஆவுது. மஞ்சளு எங்க போச்சி? எங்கயும் போவல. தட்டுலயேதான் இருக்கு. வேற நெறத்துல இருக்கு. ஒன் பச்சைச் சாயமும் சுண்ணாம்பு ஏற ஏற வெளுக்கும். கெமிஸ்ட்ரி படிக்கிற பையன் நீ, ஒன் பொஸ்தகத்துலயே இருக்கும் பாரு. அப்ப ஒன் சாம்பல் அந்தச் சாயத்த உறிஞ்சி வெச்சிக்கிச்சா, இல்ல சாயம் தண்ணிக்குள்ளயே முக்காடு போட்டுக்கினு உக்காந்திருக்கா?

எப்பிடிக் கண்டுபுடிக்கறதா? ரெண்டு கிளாசு போதும். ஒண்ணுல சாம்பல் போடு. இன்னொண்ணுல சாம்பலே போடாத, அதே அளவு காரம் ஏர்ற வரைக்கும் தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணி மட்டும் ஊத்து. ரெண்டும் வெளுத்துச்சின்னா, கைதட்டினவரைக் கைய எறக்கச் சொல்லு. இன்னும் சந்தேகமா? சாம்பல வடிகட்டிட்டு, மேல் தண்ணியில எலுமிச்சம்பழத்தைப் புழி. கொஞ்ச நேரம் பொறு. பச்சை திரும்பி எட்டிப் பாக்குதான்னு பாரு. எட்டிப் பாத்தா சாயம் போவல, ஒளிஞ்சிக்கினு இருந்திச்சின்னு அர்த்தம். இதுக்கு அமெரிக்காவுலேர்ந்து மிசினு வரணுமா? ஒரு பழம் என்னா வெல?

"சார் அதச் சொல்லலியே தாத்தா."

அவரு சொல்லல. நீயும் கேக்கல. அப்பறம் ரெண்டு பேரு பேரையும் எதுக்குடா அட்டையில தங்கத்துல போட்டீங்க?

நான் ஒன் சாரைக் கொறை சொல்லல. அவரு நெலமைய யோசிச்சிப் பாரு. ஒரு வாத்தியாரு தலையில முப்பது பசங்க. முப்பதுக்கும் முப்பது தலைப்பு வேணும். வாத்தியாருங்கள்ல பாதிப் பேரு கௌரவ விரிவுரையாளரு, சம்பளம் எப்ப வரும்னு அவங்களுக்கே ஒரு தனி ஆராய்ச்சி. அந்த மனுசன் டப்பாவைத் தொறந்து குடுத்ததே பெருசு. ஆனா அவருக்கு நேரம் இல்லங்கறதுக்காக ஒன் மண்டையுமா லீவுல போவணும்?

ஒங்க ஊரு எப்பிடி ஊராச்சின்னு தெரியுமா ஒனக்கு? 1930-கள்ல இங்க எல்லாம் முந்திரிக் கொல்லையும் மல்லாட்டைக் கொல்லையும்தான். ஜம்புலிங்க முதலியாரு அவரு நெலத்துல தண்ணிக்கித் தோண்டறாரு. தண்ணியோட கறுப்பா என்னமோ வருது. வேற ஆளா இருந்தா, சனியன் புடிச்ச எடம்னு மூடிட்டுப் பக்கத்துல தோண்டியிருப்பான். இவரு, இது என்னான்னு கேட்டாரு. அவ்ளோதான். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடி இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்காரங்க வந்து 1943-லேர்ந்து 1946 வரைக்கும் கொல்லை கொல்லையா தொளை போட்டாங்க. எவ்ளோ ஆழத்துல இருக்கு, எவ்ளோ கனம், எவ்ளோ தூரம் போவுதுன்னு அளந்தாங்க. 1956-ல கம்பெனி. 1957 மே 20-ந் தேதி நேரு வந்து சொரங்க வேலையத் தொடங்கி வெச்சாரு. கரி மொகத்தைப் பாத்தது எப்பன்னு நெனைக்கிற? 1961 ஆகஸ்டு. நேரு வந்து போயி நாலு வருசத்துக்கு மேல வெறும் மண்ணுதான் வெட்டினாங்க. நீ சாம்பல் போட்டு அரை மணியில பதில் வந்திச்சின்னு குதிக்கிற.

அந்த நாலு வருசமும் சும்மா போவல. ஜெர்மனிலேர்ந்து ராட்டினம் கணக்கா சக்கரம் வெச்ச மிசினு வந்திச்சி. நம்ம மண்ணு அதுங்கிட்ட வேலையக் காட்டிச்சி. பல்லு சீக்கிரமா தேஞ்சி போச்சி. மிசினு செஞ்சவன் ஊரு மண்ணு வேற, இந்த மண்ணு வேற. பல்லை மாத்திப் பாத்தாங்க. கெட்டி மண்ணுக்கு முன்னாடியே வெடி வெச்சி நெகிழ வுட்டாங்க. தண்ணி தொல்லை அதுக்கு மேல. கரிக்கு அடியில ஊத்துத் தண்ணி முட்டிக்கினு நிக்குது. மேல இருக்கற மண்ணு கனத்தை எடுத்துட்டா, அடித்தரையப் பிச்சிக்கினு மேல வந்துடும். கரியத் தொடறதுக்கு முன்னாடியே சுத்தி போரு போட்டு, ராவும் பகலும் எறைச்சி, அந்த அழுத்தத்தைக் கொறைக்கணும். இன்னைக்கும் அப்பிடித்தான் எறைக்கறாங்க. இதெல்லாம் பாடப் பொஸ்தகத்தைப் பாத்து வந்த பதிலுன்னு நெனைக்கிறியா? தப்பிப் போச்சி, ஏன் தப்பிச்சின்னு பாத்து, மறுவாட்டி மாத்திச் செஞ்சதுல வந்த பதிலு.

முதலியாரு பேராவது நமக்குத் தெரியுது. அந்தக் கெணத்துல எறங்கி கறுப்பு மண்ண மொதல்ல கையில அள்ளினவன் பேரு என்னா? சொல்லு பாப்போம். நீங்க மூணு பேரு சேந்து பண்ணின சாம்பல் பேப்பருக்கு எட்டுப் பேரு போட்டிருக்கீங்க. மொதப் பேரு யாரு, ரெண்டாவது பேரு யாருன்னு கேன்டீன்ல சண்டை வேற போட்டீங்களாமே?

படிக்கிற வயசுல ஆராய்ச்சி பண்ணக் கூடாதுன்னு நான் சொல்லல. நம்மூருப் பசங்க பண்ணியிருக்காங்க. புத்தகக் கண்காட்சில பொஸ்தகமா வாங்கினு வந்து அலமாரியில அடுக்கி வெச்சிருக்கியே, அதுல ஒண்ண ஒருநா பொழுது போவாம எடுத்துப் படிச்சேன். சி.வி. ராமன் மெட்ராசு பிரசிடென்சி காலேஜில படிச்சப்ப, நீள்சதுரமா ஒரு சந்து, அதுவழியா சாஞ்சி வர்ற வெளிச்சம் எப்பிடி விழுதுன்னு பாத்திருக்காரு. ரெண்டு பக்கமும் ஒரே அளவா வரி விழலியே, ஏன்னு கேட்டாரு. எழுதி வாத்தியாருகிட்ட குடுத்தாரு. வாத்தியாரு மாசக்கணக்கா மேசையில போட்டு வெச்சிருந்தாராம். இவரு பாத்தாரு, நேரா லண்டன் பத்திரிகைக்கே தபால்ல போட்டுட்டாரு. 1906-ல அச்சாச்சி. வயசு 18. ஒத்தப் பேரு. மூணு பக்க நன்றியுரை கெடையாது.

அவரு அண்ணன் மவன் சந்திரசேகர் கதை இன்னும் நல்லாருக்கும். அவரும் அதே பிரசிடென்சி காலேஜிதான். 1928-ல ஜெர்மனிலேர்ந்து சோமர்ஃபெல்டுன்னு பெரிய விஞ்ஞானி மெட்ராசு வர்றாரு. பையன் அவரு எழுதின பொஸ்தகத்தை ஏற்கெனவே கரைச்சிக் குடிச்சவன். நேரா போயி பாத்து, ஒங்க பொஸ்தகம் படிச்சிட்டேன்னு சொன்னான். அவரு என்னா சொன்னாரு தெரியுமா? ஷால் போத்தி முதுகுல தட்டலடா. நீ படிச்சதெல்லாம் பழசாப் பூட்டுது, அதுக்கப்பறம் பௌதிகம் அடியோட மாறிப் போச்சின்னு சொன்னாரு. சொல்லிட்டு, இன்னும் அச்சாகாத தன் கட்டுரையோட அச்சுப் படியை அந்தப் பையன் கையில குடுத்தாரு. அதைப் படிச்சி, அதுலேர்ந்து ஒரு கேள்விய எடுத்து, தானே கணக்குப் போட்டு, கேம்பிரிட்ஜில ஃபௌலருங்கற விஞ்ஞானிக்கு அனுப்பினான். 1929-ல ராயல் சொசைட்டி பத்திரிகையில வந்திச்சி. பட்டம் வாங்கறதுக்கு முந்தி. பின்னாடி அவருக்கு நோபல் கெடைச்சது எல்லாருக்கும் தெரியும், அத வுடு. நான் கேக்கறது, ஒன் படிப்பு பழசுடான்னு மொகத்துக்கு நேரா சொல்ற வாத்தியாரு ஒனக்குக் கெடைச்சிருக்காரா? கெடைச்சா, வுட்டுடாத. கோச்சிக்கினு வூட்டுக்கு வந்துடாத.

அமெரிக்காவுல எம்.ஐ.டி.ங்கற காலேஜில 1969-லயே இதுக்குன்னு ஒரு ஏற்பாடு வெச்சாங்க, இளங்கலைப் பையன் புரொபசரோட லேபுல போயி வேல செய்யலாம்னு. நம்ம நாட்டுலயும் நல்ல ஏற்பாடு இருக்கு. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜுல இருக்கற மூணு அறிவியல் அகாதமிங்க சேந்து, கோடை லீவுல பசங்கள எடுத்துப் பெரிய விஞ்ஞானிங்ககிட்ட உக்கார வெக்கறாங்க. கையில காசும் குடுக்கறாங்க. அதுக்கு மனு போடுடான்னா, நீ என்னா பண்ற? வாட்சப்புல வந்த சேதிய எனக்குக் காட்டற. பணம் கட்டினா ஏழு நாள்ல கட்டுரை வெளியாவும், பன்னாட்டு இதழு, ஹோலோகிராம் ஒட்டின சர்டிபிகேட்டு. அடேய், மாங்கன்னு நட்டா மூணு வருசம் காத்திருக்கற. ஆராய்ச்சி மட்டும் ஏழு நாள்ல காய்க்கணுமா?

பஸ் ஸ்டாண்டு பக்கமா போனா ரெடிமேட் ப்ராஜெக்டு கடை இருக்காமே. அளவெடுக்காமலே தெச்சிக் குடுக்கறானாம். அப்பறம் அது காப்பியான்னு பாக்க ஒரு சாஃப்ட்வேரு. காப்பி தெரியாம வார்த்தைய மாத்திக் குடுக்க இன்னொரு சாஃப்ட்வேரு. யூ.ஜி.சி. 2018-ல ஒரு விதி போட்டுச்சி, நூத்துக்குப் பத்து வரைக்கும் ஒத்துப் போனா தண்டனை கெடையாதுன்னு. ஒடனே பசங்க எல்லாம் பத்துக்குள்ள கொண்டார்றதுக்குப் படற பாடு இருக்கே! அந்தப் பாட்டுக்குச் சொந்தமாவே நாலு பக்கம் எழுதிடலாம்.

இதுக்கு மேலயும் ஒண்ணு நடந்திச்சி. சென்னையில ஒரு பல் மருத்துவக் காலேஜு. இளங்கலைப் பசங்கள நாலு மணி நேரப் பரீட்சையில உக்கார வெச்சி, ஆளுக்கு 1,500 வார்த்தைக்கு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதச் சொன்னாங்களாம். அத வாத்தியாருங்க தட்டிக் கொட்டி பத்திரிகைக்கு அனுப்புவாங்களாம். கட்டுரைக்குக் கட்டுரை தங்க காலேஜு கட்டுரைங்களையே மேற்கோள் காட்டுவாங்களாம். 2023-ல சயன்ஸ் பத்திரிகையே விசாரிச்சி எழுதிச்சி. பரீட்சை ஹாலுல மணி அடிச்சதும் ஆராய்ச்சி ஆரமிச்சி, மணி அடிச்சதும் முடியுது. மேசைக்கு மேசை கண்டுபுடிப்பு. அந்தப் பசங்க மேல எனக்குக் கோவம் இல்ல. எழுதுடான்னா எழுதத்தான் செய்வான். ஆனா படிக்கிற வயசுல அவன் என்னா கத்துக்கினான்? ஆராய்ச்சின்னா மணிக்குள்ள பேப்பர ரொப்பறதுன்னு கத்துக்கினான். அத இனிமே யாரு அவன் மண்டையிலேர்ந்து கழட்டறது?

டெல்லிக்காரங்க ஒரு பக்கம். யூ.ஜி.சி. 2022-ல நாலு வருசப் பட்டப்படிப்புன்னு ஒண்ணு கொண்டாந்தாங்க. மொத ஆறு செமஸ்டர்ல நூத்துக்கு 75 எடுத்தவன்தான் நாலாவது வருசம் ஆராய்ச்சி பண்ணலாமாம். நம்ம தமிழ்நாட்டுல அந்தப் பாடத்திட்டத்தை ஒத்துக்கல, அது வேற சண்டை. ஆனா எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கும்பகோணத்துப் பையன் ராமானுஜன் கணக்கத் தவிர வேற எதையும் படிக்காம, எஃப்.ஏ. பரீட்சையில கோட்டை வுட்டவரு. ஸ்காலர்ஷிப்பும் போச்சி. அவரு வந்து கேட்டு வாசல்ல நின்னா, மார்க் லிஸ்ட்டக் காட்டுன்னு வாட்ச்மேன் கேப்பானா மாட்டானா? எழுபத்தஞ்சு மார்க்கு எடுத்தவனுக்குத்தான் சந்தேகம் வரணும்னு எந்தச் சாமி வரம் குடுத்திச்சி?

சரி, ரொம்பப் பேசிட்டேன். ஒனக்கு அடுத்த ஆராய்ச்சிக்குத் தலைப்பு வேணும்னு ஒங்கம்மா சொன்னா. தலைப்பு என்கிட்ட இல்ல. கேள்வி இருக்கு, எடுத்துக்க.

சொரங்கத்துல ராப்பகலா தண்ணி எறைக்கறாங்க. சுத்துப்பட்டு ஊருல கெணத்துத் தண்ணி கீழ போச்சின்னு எல்லாரும் சொல்றாங்க. சொரங்கத்தாலதான்னு ஒருத்தன் சொல்றான். மழை இல்லாததாலன்னு ஒருத்தன். நாமளே போரு மேல போரு போட்டு உறிஞ்சிட்டோம்னு இன்னொருத்தன். டீக்கடையில இது தெனமும் நடக்குது. எவனாவது கயித்தக் கட்டி வுட்டு அளந்து வெச்சிருக்கானா? நீ அள. ஒரு கெணறு போதாது. சொரங்கத்துக்குக் கிட்ட ரெண்டு, வடலூர் பக்கம் தள்ளி ரெண்டு, இன்னும் தூரத்துல ரெண்டு. அமாவாசைக்கு அமாவாசை போ. காலையில, எவனும் மோட்டார் போடறதுக்கு முந்தி போ. நம்ம ஜில்லாவுக்கு ஐப்பசி கார்த்திகையிலதான் பெரிய மழை. மழைக்கு முந்தி எவ்ளோ, பிந்தி எவ்ளோன்னு எழுது. மழை அளவையும் பக்கத்துலயே எழுது. தூரத்துக் கெணறு மழைக்கு மேல வந்து, கிட்டக் கெணறு வர்லன்னா, ஒனக்கு ஒரு சேதி கெடைக்கிது. ரெண்டும் ஒண்ணா மேல வந்தா, வேற சேதி. எது வந்தாலும் எழுது. டீக்கடைக்குப் புடிச்ச பதிலா, கம்பெனிக்குப் புடிச்ச பதிலான்னு பாத்து எழுதாத.

அது கஷ்டம்னா தூசியப் பாரு. தை மாசிப் பக்கம் முந்திரி பூக்கறப்ப, தூசி படிஞ்சி பூவு கொட்டுதுன்னு கொல்லைக்காரங்க சொல்றாங்களே, நெசமா? எலைய எண்ணி எடு. ஈரத்துணியில தொடை. துணியக் காயவெச்சி, தொடைக்கறதுக்கு முந்தி எவ்ளோ, பிந்தி எவ்ளோன்னு நிறுத்துப் பாரு. காத்து எந்தப் பக்கம்னு மட்டும் மறக்காத. ஆடியில மேலக்காத்து, மார்கழியில வாடை. ஆடியில தூசி கெழக்க போவும், அப்ப நீ மேக்க நின்னு அளந்துட்டு நெய்வேலியில தூசியே இல்லன்னு எழுதிட்டா, ஒன் பேப்பரை லண்டன்ல கைதட்டுவாங்க, நம்ம மந்தாரக்குப்பத்துல சிரிப்பாங்க.

"இதுக்கெல்லாம் சார் ஒத்துக்குவாரா தாத்தா?"

ஏன் ஒத்துக்க மாட்டாரு? அவரைக் கெணத்துக்கா எறங்கச் சொல்றோம்? நீ அளந்து எழுதினு போயி, அவரு முன்னாடி வெச்சி, இந்த மாசம் மட்டும் ஏன் சார் ஏறிச்சின்னு கேளு. அவரு மண்டையச் சொறிஞ்சா நல்ல வாத்தியாரு. கூட வந்து கெணத்த எட்டிப் பாத்தா, அவரு பேர மொதல்ல போடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

பழைய கெணத்துக் கயிறு கொட்டாயில தொங்குது, எடுத்துக்கினு போ. முழத்துக்கு முழம் முடிச்சிப் போட்டுக்க. கல்லு நீயே தேடிக்க. அப்பறம் பேப்பரு வந்தா மூணாவது பேரா என் பேரையும் போட்டுடு. கயிறு என்னுதுடா.